வாசகர் கேள்வி – பதில்: கொட்சில்லாவைச் செய்த கைகள்

1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொட்சில்லா’ என்ற ஜப்பானியத் திரைப்படத்தில் வரும் இராட்சத விலங்கு கணினியால் வரையப்பட்டதா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது இறப்பர் உடைக்குள் நின்ற ஒரு மனிதன் என்றும், அந்த முறையை வகுத்தவர் எய்ஜி சுபுராயா என்றும் இரண்டு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளை வைத்து வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இம்முறை இந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சுபுராயா திரைப்படம் பற்றி எங்கே படித்தார்? இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார்?
— கிளிநொச்சியிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவி

பதில்: அவர் படிக்க விரும்பியது வானூர்தி ஓட்டுவதைத்தான், மகளே. 1901ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆம் திகதி, ஜப்பானின் வடகிழக்கே புகுஷிமா மாவட்டத்திலுள்ள சுகாகவா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். அரிசியில் பூஞ்சணம் வளர்த்து, மதுவும் சோயாச் சாறும் காய்ச்சுவோருக்கு விற்கும் குடும்பம் அவருடையது. மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தையும் அருகில் இருக்கவில்லை. பாட்டியும், தன்னைவிடச் சில வயதே மூத்த தாய்மாமனும் அவரை வளர்த்தார்கள். ஜப்பானில் முதன்முதலாக வானூர்தி பறந்த 1910ஆம் ஆண்டில் அவருக்கு ஒன்பது வயது. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து மரத்தைச் சீவி வானூர்தி மாதிரிகள் செய்யத் தொடங்கிய சிறுவன், பதினைந்து வயதளவில் டோக்கியோவின் ஹனெடாவில் புதிதாகத் திறக்கப்பட்ட பறப்புப் பாடசாலையில் போய்ச் சேர்ந்தான். 1917இல் அந்தப் பாடசாலையை நடத்தியவரே பறக்கும்போது விபத்தில் இறந்துபோக, பாடசாலை மூடப்பட்டது.

அதன் பிறகு மின்னியல் படித்தார். விளையாட்டுப் பொருட் கம்பனி ஒன்றுக்குப் புதிய பொம்மைகளை வடிவமைத்துக் கொடுத்தார். 1919இல் கமெரா உதவியாளராகத் திரைப்படத்துறைக்குள் நுழைந்தார். 1926இல் தெய்னொசுகெ கினுகாசா இயக்கிய, மனநோயாளர் இல்லம் ஒன்றில் நடக்கும் புகழ்பெற்ற பேசாப்படத்தில் ஒளிப்பதிவு உதவியாளர்களுள் அவரும் ஒருவர். வானூர்தி மாதிரி, மின்சுற்று, பொம்மை, கமெரா என்று ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும் இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு அவருடைய பிற்காலப் படங்களைப் பாருங்கள். பொம்மை வானூர்தியைக் கம்பியில் பறக்கவிட்டு, அதன் விளக்கை மின்சுற்றால் எரியவைத்து, அதைக் கமெராவால் உண்மையாக்குவதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை.

1933இல் வந்த அமெரிக்கப் படமான ‘கிங் கொங்’ அவருடைய பாதையைத் தீர்மானித்தது. அதிலுள்ள இராட்சதக் குரங்கு, வில்லிஸ் ஓபிரையன் என்ற கலைஞர் ஒரு சிறு பொம்மையை மயிரிழை மயிரிழையாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாகப் பிடித்து உருவாக்கியது. சுபுராயா அந்தப் படச்சுருளின் பிரதியொன்றைத் தேடிப் பெற்று, ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தமக்குத் தாமே பாடம் எடுத்துக்கொண்டார். 1937இல் டோஹோ என்ற திரைப்பட நிறுவனம் விசேட தொழில்நுட்பப் பிரிவொன்றைத் தொடங்கி அவரிடம் ஒப்படைத்தபோது, இந்த வேலையை ஒரு தொழிலாக மதிப்பவர்கள் அங்கே மிகச் சிலராகவே இருந்தார்கள்.

கேள்வி: நாற்பது வருடம் தச்சு வேலை செய்தவன் நான். உங்கள் பதிலைப் படித்தபின் பேரன் கைத்தொலைபேசியில் அந்தப் படத்தின் சில காட்சிகளைக் காட்டினான். மாதிரிக் கட்டடம் என்று தெரிந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் விழும்போது அது பாரமாக விழுகிறது. சின்னப் பொருள் அப்படி விழாதே. என்ன செய்தார்கள்?
— முள்ளியவளையிலிருந்து ஒரு தச்சாசாரியார்

பதில்: ஐயா, வந்த கடிதங்களுள் என்னை அதிக நேரம் இருத்தி வைத்தது உங்களுடையது. நீங்கள் கேட்பது சுபுராயாவின் கலைக்கு நடுநாயகமான கேள்வி.

பனை தறித்தவர்களுக்கு இதன் பாதி விடை தெரியும். பனை சரியத் தொடங்கிய பிறகு தலை நிலத்தில் படும்வரை, தள்ளி நிற்பவர்கள் ஒரு மூச்சு விட்டு எடுக்கலாம். அதே வடிவில் ஒரு முழக் கம்பை நட்டுச் சரித்தால், கண் இமைக்குமுன் விழுந்துவிடும். உயரமான பொருள் ஆறுதலாக விழுவதாகவும் குட்டையான பொருள் சடுதியாக விழுவதாகவும் நம் கண் பழகியிருக்கிறது. பாரம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த நேரக் கணக்கைத்தான். 25 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கல் நிலத்தைத் தொட ஏறத்தாழ இரண்டேகால் செக்கன் எடுக்கும். அதே உயரத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி 1 மீற்றராக்கினால், அரைச் செக்கனுக்கும் குறைவான நேரமே எடுக்கும். உயரம் இருபத்தைந்து மடங்கு குறைந்தபோது நேரம் ஐந்து மடங்குதான் குறைந்திருக்கிறது. அதாவது சுருக்கத்தின் வர்க்கமூலம். ஆகவே 1 மீற்றர் மாதிரி 25 மீற்றர் கட்டடம் போல விழவேண்டுமானால், அதை ஐந்து மடங்கு வேகத்தில் படம்பிடித்து, வழமையான வேகத்தில் ஓடவிட வேண்டும். திரைப்படம் செக்கனுக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடுவது. கமெராவை 120 படங்கள் வரை விரைவாக ஓட்டினால் கணக்குச் சரிவரும். ‘கொட்சில்லா’வின் மாதிரி நகரம் பெரும்பாலும் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் கட்டப்பட்டது. விலங்கின் உயரம் கதையில் 50 மீற்றர். இருபத்தைந்தால் பிரித்தால் 2 மீற்றர். உடை அணிந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதனின் உயரம் அது. நகரத்தின் அளவு மனித உடலிலிருந்து வந்ததென்று நான் நினைத்துக்கொள்வேன்.

வேகக் கணக்கோடு வேலை முடிந்துவிடாது. பொருளும் சரியாக உடையவேண்டும். உண்மையான கட்டடம் விழும்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து துண்டும் தூளும் வரும். பலகையில் செய்த பெட்டி மொத்தமாகச் சரியும். ஆகவே உடையவேண்டிய சுவர்களை மெல்லிய பாரிஸ் சாந்தில் வார்த்து, எங்கே பிளக்கவேண்டுமோ அங்கே முன்கூட்டியே கீறிப் பலவீனமாக்கி வைத்தார்கள். விலங்கின் மூச்சுப் பட்டு உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் உருகிச் சாயும் காட்சிக்கு அந்தக் கோபுரங்களை மெழுகில் செய்து வெப்பத்தால் இளகவைத்தார்கள். உங்கள் தொழிலில் ஒரு பொருள் நிலைத்து நிற்பதற்காகப் பொருத்துப் பார்த்துப் பொளிவீர்கள். அவர்களும் அதே கவனத்தோடுதான் பொளிந்தார்கள், குறித்த நொடியில் குறித்த இடத்தில் விட்டுப்போவதற்காக. ஒரு கட்டடத்தை ஒருமுறைதான் உடைக்கலாம். கமெரா தவறினால் பல நாள் உழைப்பு வீண்.

உடையைப் பற்றியும் சொல்லவேண்டும். மூங்கிலும் கம்பியும் கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் துணியும் பஞ்சும் பொதிந்து, இறப்பர்ப்பால் பூசி அதைச் செய்தார்கள். தெய்ஸோ தொஷிமிட்சு என்ற சிற்பி உருவத்தை வடித்தார். முதலில் செய்த உடைக்குள் நடக்கவே முடியவில்லை. இரண்டாவதும் சுமார் 100 கிலோ இருந்தது. அதைச் சுமந்தவர் ஹருவோ நகஜிமா என்ற இளம் நடிகர். கமெரா விரைவாக ஓடும்போது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும் நேரம் குறைவதால், விளக்குகளைப் பல மடங்கு கூட்டவேண்டும். அந்த விளக்குகளின் வெக்கையில், மூச்சு விட வழியில்லாத இறப்பருக்குள், ஒரே தடவையில் சில மீற்றர் தூரமே அவரால் நடக்க முடிந்தது. விலங்கு எப்படித் திரும்பும், எப்படிக் கால் வைக்கும் என்று அறிய அவர் மிருகக்காட்சிச் சாலைக்குப் போய் யானைகளையும் கரடிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பும் கிரீடமும் சுமந்து விடிய விடிய ஆடிய அண்ணாவிமாரையும் கூத்தர்களையும் அறிந்தவர்கள், நகஜிமாவின் பாட்டைச் சொல்லாமலே உணர்வார்கள்.

பொம்மையைச் சிறிது சிறிதாக அசைக்கும் ஓபிரையனின் முறையில் எடுப்பதற்குத்தான் சுபுராயா ஆசைப்பட்டார். அதற்கு ஆண்டுக்கணக்காகும், அவருக்குக் கிடைத்ததோ சில மாதங்கள். மனிதனை உடைக்குள் இறக்கியது அந்த நெருக்கடியில் எடுத்த முடிவு. அந்த முடிவிலிருந்துதான், ஜப்பானியர் ‘தொகுசாத்சு’ என்று பெயரிட்டு அழைக்கும் ஒரு தனிக் கலை வளர்ந்தது.

கேள்வி: எரிந்துபோன நகரம் மீண்டும் எரிவதைக் காட்டிய படத்தை, அந்த நகரத்து மக்களே எப்படிக் காசு கொடுத்துப் பார்த்தார்கள்? 2009க்குப் பிறகு திரையில் ஒரு வீடு இடிபட்டால் நான் எழுந்து போய்விடுவேன்.
— புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: அம்மா, எழுந்து போவதில் எந்தக் குறையும் இல்லை. இந்தப் பதிலைப் படித்த பிறகும் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் உங்களைக் கேட்கமாட்டேன். அந்த மக்கள் என்ன பார்த்தார்கள் என்பதை மட்டும், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

1945 மார்ச் 10ஆம் திகதி ஒரே இரவில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் எரிகுண்டுகளால் இறந்தார்கள். ஓகஸ்ட்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. அதன்பின் வந்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் அணுகுண்டின் அழிவைப் பற்றி எழுதுவதும் காட்டுவதும் கடுமையாகத் தணிக்கை செய்யப்பட்டன; ஆக்கிரமிப்பு 1952இல்தான் முடிந்தது. 1954 மார்ச் முதலாம் திகதி, பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், ‘ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட நாகம்’ என்ற பொருள்படும் பெயருடைய சூரை மீன்பிடிப் படகின்மேல் கொட்டியது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். வானொலி இயக்குநரான அய்கிச்சி குபோயாமா செப்டெம்பர் 23ஆம் திகதி இறந்தார். நவம்பர் 3ஆம் திகதி ‘கொட்சில்லா’ திரைக்கு வந்தது. இடையில் ஆறு வாரங்கள்கூட இல்லை.

படம் ஒரு படகில்தான் தொடங்குகிறது. கடல் கொதித்து வெளிச்சம் கிளம்ப, படகு எரிந்து மூழ்குகிறது. உறவினர்கள் செய்தி கேட்டு அலுவலகத்தில் முண்டியடிக்கிறார்கள். கடலுக்குப் போனவர் திரும்பாத நாளில் முல்லைத்தீவுக் கரையில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கவேண்டியதில்லை. பிறகு விலங்கு டோக்கியோவுக்குள் வருகிறது. மக்கள் அன்றாடம் கடந்துபோகும் கின்ஸா மணிக்கூட்டுக் கோபுரமும் நாடாளுமன்றக் கட்டடமும் உடைகின்றன. சுபுராயாவின் கைவண்ணம் முழுவதும் இந்த இரவில் தெரிகிறது. தெருவோரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்கிறாள். அவளுடைய கணவன் எப்படி இறந்தான் என்று படம் சொல்லவில்லை. 1954இல் அதைக் கேட்கவேண்டிய தேவை எந்தப் பார்வையாளருக்கும் இருந்திருக்காது. விடிந்ததும் இயக்குநர் இஷிரோ ஹொண்டா விலங்கை விட்டுவிட்டு மருத்துவமனைக்குள் போகிறார். தரையில் வரிசையாகக் காயப்பட்டவர்கள். ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சை அளக்கும் கருவியைப் பிடிக்கும் வைத்தியர். தாயை இழந்து அழும் சிறுமி. ஹொண்டா சீனாவில் படைவீரனாக இருந்து, போர் முடிந்தபின் 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர்.

அந்த ஒரு காலைக் காட்சிக்காகத்தான் மக்கள் போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலானோர் விலங்கைப் பார்க்கத்தான் போயிருப்பார்கள். சுமார் 96 இலட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்றன. ஆனால் இருட்டில், தெரியாதவர்களின் நடுவே இருந்து, பெயர் சொல்லி அழமுடியாத ஒன்றுக்கு வேறொரு பெயரால் அழ அவர்களுக்கு இடம் கிடைத்தது என்று நம்புகிறேன். அவர்கள் விலங்குக்காகவும் இரங்கினார்கள். அதுவும் குண்டால் எரிந்து உறக்கம் கலைந்து வந்த உயிர்தானே. படத்தில் நடித்த அக்கிரா தகராதா, விலங்கு இறக்கும் இடத்தில் தாம் அழுததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இது நமக்கு அந்நியமான அனுபவமல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். மதுரையை எரித்த கண்ணகி, நெஞ்சின் வெக்கை ஆறாமல் தெற்கே வந்து நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் தங்கினாள் என்று நம் முன்னோர் சொன்னார்கள். கோவலன் கூத்தை முல்லைமோடியில் ஆடிக் காட்டியவர்களும், வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதைக் காணக் கால்நடையாகப் போனவர்களும், எரிந்த நகரத்தின் கதையையும் எரித்தவளின் துயரத்தையும் ஒன்றாகவே சுமந்தார்கள். 2009க்குப் பிறகு அதே நந்திக்கடலோரத்துக்குப் பொங்கலுக்குத் திரும்பிய சனத்தின் முகங்களை நான் பார்த்தேன். உங்கள் கேள்விக்கு நான் தேடிய விடையின் ஒரு பகுதி அந்த முகங்களில் இருந்தது.

கேள்வி: சுபுராயா ஜப்பானியப் படையினருக்காகப் பிரசாரப் படங்கள் செய்தவர் என்று வாசித்தேன். அது உண்மையானால் அவரை ஏன் புகழவேண்டும்?
— வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்மைதான். கடற்படையின் ஆதரவோடு டோஹோ தயாரித்து 1942 டிசெம்பரில், அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியதன் முதலாண்டு நினைவாக வெளியிட்ட படத்தில், அந்தத் துறைமுகத்தையும் கப்பல்களையும் மாதிரிகளாகக் கட்டி, குண்டு விழுந்து நீர் எழும்புவதை அத்தனை நேர்த்தியாக எடுத்தவர் சுபுராயா. கஜிரோ யமமோட்டோ இயக்கிய அந்தப் படத்தை ஜப்பான் முழுவதும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். இளைஞர்கள் கடற்படை விமானிகளாகச் சேருவதற்கு ஆசையூட்டுவதே அதன் நோக்கம். அந்த ஆசையோடு போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை; அவர்கள் குண்டு போட்ட இடங்களில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். வானூர்தியை நேசித்த சிறுவனின் கைத்திறன் இதற்குத் துணைபோனது என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது முறையல்ல. 1948இல் ஆக்கிரமிப்பு நிர்வாகம் இந்தப் படங்களைக் காரணம் காட்டி அவரைப் பொதுத்தொழிலிலிருந்து விலக்கியது. அவர் டோஹோவை விட்டு வெளியேறி, தமது வீட்டு வளவிலேயே சிறு ஆய்வுகூடம் அமைத்து, பிறருடைய படங்களுக்குக் கூலிவேலை செய்து பிழைத்தார். 1950களின் தொடக்கத்தில்தான் டோஹோவுக்குத் திரும்ப முடிந்தது.

1942இல் கப்பல்கள் எரிந்தபோது, குண்டு போடுபவனின் கண்ணோடு, மேலிருந்து பார்த்தது அவருடைய கமெரா. 1954இல் அதே கைகள் அதே உத்திகளால் தம் சொந்தத் தலைநகரத்தை எரித்தபோது, கமெரா தெருவில், ஓடுகிறவர்களின் உயரத்தில் நிற்கிறது. இந்த மாற்றத்துக்கு ஹொண்டாவே காரணமென்று சிலர் சொல்வார்கள். பெரும்பங்கு அவருடையது என்று நானும் நினைக்கிறேன். எப்படியோ, இரண்டு படங்களும் சுபுராயாவின் கணக்கில்தான் எழுதப்படவேண்டும். நான் புகழ்வது அவருடைய கைத்திறனையும் 1954ஐயும். 1942ஐ நான் புகழவில்லை. மேலிருந்து எடுக்கப்பட்ட படங்களுக்கும் நிலத்தில் கிடந்தவர்கள் கண்டதற்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்த மண்ணிலிருந்து எழுதுபவன், அப்படிச் செய்யவும் முடியாது.

கேள்வி: என் மகன் ஓயாமல் அல்ட்ராமன் பார்க்கிறான். அதுவும் இவருடையதா? சிறுபிள்ளைகள் பார்க்கத் தகுந்ததா?
— மல்லாவியிலிருந்து ஒரு தாய்

பதில்: ஆம், அவருடையதே. 1963இல் அவர் தமது பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1966 சனவரியில் ‘அல்ட்ரா கியூ’ என்ற தொடரும், அதே ஆண்டு யூலையில் ‘அல்ட்ராமன்’ தொடரும் தொலைக்காட்சிக்கு வந்தன. வெள்ளியும் சிவப்புமான அந்த வடிவத்தை வரைந்தவர் தோரு நரிதா என்ற கலைஞர். வேற்றுலகிலிருந்து வந்த வீரனான அல்ட்ராமன் பூமியில் மூன்று நிமிடங்கள்தான் நிற்க முடியும் என்பதும், நேரம் முடியும்போது அவன் நெஞ்சில் விளக்கு மின்னுவதும் உங்கள் மகனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். சிறுவர்கள் பார்க்கும் படத்தில் இரத்தம் கொட்டுவதையும் உடல் சிதைவதையும் சுபுராயா விரும்பியதில்லை. தம்மோடு வேலை செய்தவர்களையும் தடுத்தார். இன்று வரும் புதிய தொடர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தவை. ஆகவே இரண்டொன்றை மகனோடு சேர்ந்திருந்து பார்த்துவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள். சுபுராயா 1970 சனவரி 25ஆம் திகதி தமது 68ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் பிறந்த சுகாகவாவின் தெருக்களில் இப்போது அல்ட்ராமனுக்கும் அவனோடு பொருதிய விலங்குகளுக்கும் சிலைகள் நிற்கின்றன. 2019இல் அங்கே அவருக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். எங்களிடம் ஒரு கைத்தொலைபேசி மட்டும் இருக்கிறது. சுபுராயா செய்தது போல ஐந்து நிமிடப் படம் எடுக்க முடியுமா?
— மாங்குளத்திலிருந்து பாடசாலை மாணவர்கள்

பதில்: முடியும், தம்பிமாரே. அவருக்கு எளிதில் கிடைக்காத வசதி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. தொலைபேசியின் மெதுவாக ஓடும் காணொளி அமைப்பு, பெரும்பாலும் செக்கனுக்கு 120 அல்லது 240 படங்கள் எடுக்கும். 120 என்பது, மேலே தச்சாசாரியார் ஐயாவுக்குச் சொன்ன கணக்கின்படி, இருபத்தைந்தில் ஒரு பங்கு நகரத்துக்குச் சரியாகப் பொருந்தும். உங்களில் 1.6 மீற்றர் உயரமானவர் உடைக்குள் நின்றால் அவர் 40 மீற்றர் உயரமான விலங்காவார். அல்ட்ராமனின் உயரமும் அதுவே.

வெளிநாட்டு நகரம் ஒன்றையும் கட்டவேண்டாம். மாங்குளம் சந்தியையே கட்டுங்கள். நீங்கள் நாள்தோறும் பார்க்கும் கடையின் கூரை எந்தச் சாய்வில் இருக்கிறது, பெயர்ப்பலகை எங்கே வெளிறியிருக்கிறது, மின்கம்பத்தில் எத்தனை கம்பிகள் போகின்றன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த விபரம்தான் மாதிரியை ஊராக்கும். 10 மீற்றர் கட்டடம் 40 சென்ரிமீற்றர் ஆகும். 20 மீற்றர் பனை 80 சென்ரிமீற்றர். உடையாத கட்டடங்களைக் கடதாசி மட்டையிலும் றெஜிபோமிலும் செய்யலாம். உடையவேண்டியதைப் பாரிஸ் சாந்தில் மெல்லிதாக வாருங்கள்; கிடைக்காவிட்டால் காய்ந்த களிமண் தகடுகளை நிறுத்துங்கள். உள்ளே சாம்பலும் உலர்ந்த செம்மண் தூளும் வைத்தால் விழும்போது புழுதி எழும்பும். கோதுமை மாவைப் பயன்படுத்தவேண்டாம். நெருப்புக்கு அருகில் மாத்தூள் காற்றில் பறந்தால் பற்றி வெடிக்கக்கூடும். நெருப்பையே தவிர்ப்பது நல்லது. ஆபத்து ஒருபுறமிருக்க, சிறிய சுவாலை எத்தனை மெதுவாக ஓடினாலும் சிறிய சுவாலையாகவே தெரியும். தண்ணீரும் அப்படித்தான், ஒரு துளியைச் சுருக்க முடியாது. கடலை மேலிருந்து காட்டுவதற்கு, ஜப்பானியர் பலகாரம் செய்யும் அகரைக் காய்ச்சி உறையவிட்டு, அதையே அலை உறைந்த கடற்பரப்பாக்கியவர் சுபுராயா. நம் வீடுகளில் கடற்பாசி காய்ச்சுகிறோமே, அதே பொருள்தான். இரணைமடுக் குளம் உங்கள் கதையில் வருமானால் அம்மாவிடம் கேட்டு முயன்று பாருங்கள்.

வானூர்தி வேண்டுமென்றால் தங்கூசியில் தொங்கவிடலாம். சுபுராயாவின் ஆட்கள் மெல்லிய உருக்குக் கம்பியைப் பின்னணியின் நிறத்துக்கேற்ப வர்ணம் பூசி மறைத்தார்கள். சில வேளைகளில் கம்பி இருக்கும் இடத்தைப் பார்ப்பவர் ஊகிக்க முடியாதபடி, மாதிரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கமெராவையும் தலைகீழாகப் பிடித்து எடுத்தார்கள்.

படம்பிடிப்பதை வெளியே, வெயிலில் செய்யுங்கள். வேகமாக ஓடும் கமெராவுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். வீட்டு மின்குமிழின் வெளிச்சம் மெதுவான காணொளியில் துடிக்கும். நகரத்தை ஒரு மேசையின்மேல் கட்டி, பின்னால் உண்மையான வானம் வரும்படி வையுங்கள். தொலைபேசியை மாதிரித் தெருவின் தரையோடு தரையாக வைத்து, அந்தத் தெருவில் நிற்கும் ஒருவரின் கண் உயரத்திலிருந்து எடுங்கள். மேலிருந்து எடுத்த அந்தக் கணமே உங்கள் ஊர் பொம்மையாகிவிடும். உடைக்குள் நிற்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்கவேண்டும். அதை மற்ற இருவரும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உடைக்கும் காட்சியைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அன்று காலை, யாரும் எதையும் தொடுவதற்கு முன், நீங்கள் கட்டிய சந்தியை நான்கு பக்கத்திலிருந்தும் நிழற்படம் எடுத்து எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.